மூலக்கோப்பே முதல்: கணினிப் பூத்தையலில் கோப்பு வடிவங்கள்

தலைநகர் தில்லியில் ஆயத்த ஆடைத் தொழிலைச் சார்ந்து வாழும் சிறு நிறுவனங்கள் ஏராளம். காந்தி நகர்ச் சந்தைக்குச் சட்டைகளும் குர்த்தாக்களும் தைத்துக் கொடுப்போர், ஓக்லாவில் ஏற்றுமதிக்காகத் தைப்போர், ஷாப்பூர் ஜாட்டில் திருமண ஆடைகளை வடிவமைப்போர், பள்ளிச் சீருடைகளில் சின்னம் பொறித்துக் கொடுப்போர் எனப் பல திறத்தாரும் இன்று கணினியால் இயங்கும் பூத்தையல் இயந்திரத்தை, அதாவது எம்பிராய்டரி இயந்திரத்தை, நாடுகின்றனர். அதற்காக வங்கிக் கடன் கோரி வருவோரும் பலர்.

அவர்கள் கொண்டுவரும் விலைப்புள்ளியில் இயந்திரத்துக்கு எத்தனை தலைகள், ஒவ்வொரு தலைக்கும் எத்தனை ஊசிகள், நிமிடத்துக்கு எத்தனை தையல்கள், விலை என்ன, உத்தரவாதக் காலம் எவ்வளவு என்னும் விவரங்கள் யாவும் இடம்பெற்றிருக்கும். பெரும்பாலும் இடம்பெறாத ஒன்று உண்டு. அந்த இயந்திரம் எவ்வகைக் கோப்பைப் படிக்கும், அக்கோப்பை யார் உருவாக்கித் தருவார், உருவான பின் அது யாருக்கு உரியது என்பதே அது. இயந்திரம் ஆண்டுதோறும் மதிப்பில் தேய்ந்துகொண்டே போகும். நல்ல வடிவங்களைக் கொண்ட கோப்புத் தொகுப்போ ஆண்டுதோறும் வளரும். ஆகவே இத்தொழிலில் இறங்குவோர் கோப்பின் இயல்பை அறிந்திருப்பது நலம். கணினிப் பயிற்சி இல்லாதவரும் விளங்கிக்கொள்ளும் வகையில் அதனை இங்குக் காண்போம்.

துளையிட்ட நாடாவின் வழித்தோன்றல்

பூத்தையலை இயந்திரமாக்கும் முயற்சி பழைமையானது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஐசக் கிரோப்லி 1863-இல் ‘ஷிஃப்லி’ இயந்திரத்தை உருவாக்கினார். அதன் நூல் நாழி சிறு படகின் வடிவில் இருந்ததால், அந்நாட்டு வழக்கில் ‘சிறு படகு’ எனப் பொருள்படும் அப்பெயர் அமைந்தது. தொடக்கத்தில், பெரிதாக வரையப்பட்ட படத்தின் மீது ஒருவர் கூர்முனையை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்திச் செல்ல, அந்த அசைவைச் சுருக்கி இயந்திரம் துணியை நகர்த்தும். பின்னர் அந்த அசைவுகளை அட்டையிலும் நாடாவிலும் துளைகளாகப் பதிந்து வைத்தனர். துளையை இயந்திரம் ‘படித்து’ தைத்தது.

இன்றும் சாந்தினி சௌக் முதல் சூரத், திருப்பூர் வரை, படத்தைத் தையல் கோப்பாக மாற்றும் பணியைத் தொழிலாளர் ‘பஞ்சிங்’ என்றே அழைக்கின்றனர். துளையிடுவோர் இப்போது எவரும் இலர். ஆயினும் சொல் நிலைத்துவிட்டது. அது போலவே நாடாவின் அமைப்பும் கணினிக் கோப்புக்குள் நிலைத்துவிட்டது. உலகெங்கும் தொழிற்கூடங்களில் பொதுமொழியாக விளங்கும் ‘டிஎஸ்டி’ கோப்பு அத்தகையது. ஜப்பானின் தஜிமா நிறுவனத்தின் இயந்திரங்களுக்கென அமைந்த இவ்வடிவத்தை, பிற நிறுவனங்களின் இயந்திரங்களும் இன்று ஏற்றுக்கொள்கின்றன.

ஐந்து எடைக்கற்கள்

டிஎஸ்டி கோப்பு ஊசிக்குச் சொல்வது மிகவும் எளியது: ‘இப்போது நிற்கும் இடத்திலிருந்து வலமோ இடமோ இவ்வளவு, மேலோ கீழோ இவ்வளவு நகர்ந்து ஒரு குத்து குத்து’. இத்தகைய கட்டளைகளின் நீண்ட வரிசையே கோப்பு. ஒவ்வொரு கட்டளைக்கும் மூன்று பைட் இடம். அளவின் அலகு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

இந்த மூன்று பைட்டுக்குள் தூரத்தை எழுதும் முறை சுவையானது. தராசு பிடித்துப் பழகியவருக்கு அது உடனே விளங்கும். 1, 3, 9, 27, 81 என்னும் ஐந்து எடைக்கற்கள் மட்டும் இருப்பதாகக் கொள்வோம். கற்களைத் தராசின் இரு தட்டுகளிலும் வைக்கலாம் எனில், 1 முதல் 121 வரை எந்த எடையையும் நிறுத்துவிடலாம். எடுத்துக்காட்டாக, 50-ஐ நிறுக்க வேண்டுமெனில் ஒரு தட்டில் 81. பொருள் இருக்கும் தட்டில் 27, 3, 1. 81-இலிருந்து 31-ஐக் கழித்தால் 50. டிஎஸ்டி கோப்பும் தூரத்தை இவ்வாறே எழுதுகிறது. ஒவ்வோர் எடைக்கல்லுக்கும் கூட்டல், கழித்தல் என இரண்டு குறிகள். கிடைத் திசைக்கு ஐந்து கற்கள், நெடுக்குத் திசைக்கு ஐந்து கற்கள். ஆக 20 குறிகள். மூன்று பைட்டில் உள்ள 24 குறியிடங்களில் இவை போக எஞ்சும் நான்கில், இரண்டு ‘தைக்காமல் தாவு’, ‘நிறுத்து’ என்பன போன்ற கட்டளைகளுக்கு உதவுகின்றன.

ஐந்து கற்களின் கூட்டுத்தொகை 121 ஆதலால், ஒரே கட்டளையில் ஊசி கடக்கக்கூடிய மிகுந்த தூரம் ஒவ்வொரு திசையிலும் 12.1 மில்லிமீட்டர். அதற்கு மேல் போக வேண்டுமெனில் பல தாவல்களாகப் பிரித்தே எழுத வேண்டும். 12,000 தையல் கொண்ட ஒரு வடிவத்துக்கு 36,000 பைட். தலைப்புப் பகுதிக்கு 512 பைட். மொத்தம் ஏறத்தாழ 36,500 பைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் நூற்றில் ஒரு பங்கு அளவே இது. நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் பிறந்த சிக்கனம் இன்றும் தொடர்கிறது.

தலைப்பைப் படித்தால் பட்டியலைச் சரிபார்க்கலாம்

கோப்பின் முதல் 512 பைட் வங்கிப் புத்தகத்தின் முகப்புப் பக்கத்தைப் போன்றது. சாதாரண எழுத்துத் திருத்தி மென்பொருளில் திறந்தாலே அதனைப் படித்துவிடலாம். ‘எல்ஏ’ என்னும் குறிக்குப் பின் வடிவத்தின் பெயர், 16 எழுத்துகளுக்குள். ‘எஸ்டி’ என்பதற்குப் பின் தையல் எண்ணிக்கை. ‘சிஓ’ என்பதற்குப் பின் நிற மாற்றங்களின் எண்ணிக்கை. அடுத்து, தொடங்கும் புள்ளியிலிருந்து நான்கு திசைகளிலும் வடிவம் பரவும் தூரம். வலப்புறம் 450, இடப்புறம் 450 என்று இருந்தால் வடிவத்தின் அகலம் 90 மில்லிமீட்டர் என அறியலாம்.

இதனால் என்ன பயன்? கூலிக்குப் பூத்தையல் செய்வோர் பெரும்பாலும் ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்ற கணக்கில் கட்டணம் பெறுகின்றனர். ஆயிரம் தையலுக்கு ரூ. 2 என வைத்துக்கொள்வோம். 12,000 தையல் கொண்ட சின்னத்துக்கு ஒரு சட்டைக்கு ரூ. 24. பட்டியலில் அது 15,000 தையல் எனக் குறிக்கப்பட்டிருந்தால் ரூ. 30. ஒரு சட்டைக்கு வேறுபாடு ஆறு ரூபாய்தான். 5,000 சீருடைகளுக்கு அது ரூ. 30,000. சில மென்பொருள்கள் தாவல்களையும் சேர்த்து எண்ணும் என்பதால் சிறு வேறுபாடு இயல்பே. பெரிய வேறுபாடு இருப்பின் விளக்கம் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. கேட்கும் முன்னரே விளக்கத்தை ஆயத்தமாக வைத்திருப்பது தொழில் செய்பவருக்கு நன்மதிப்பு.

உற்பத்தித் திட்டத்தையும் இவ்வெண்ணைக் கொண்டே வகுக்கலாம். நிமிடத்துக்கு 800 தையல் வேகத்தில் 12,000 தையலுக்கு 15 நிமிடம் ஆகும். இயந்திரத்துக்கு 12 தலைகள் எனில் அந்நேரத்தில் 12 சட்டைகள் முடியும். நூல் அறுதல், நிறம் மாறுதல், துணியைச் சட்டத்தில் பொருத்துதல் ஆகியவற்றுக்கான நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கடன் விண்ணப்பத்துடன் தரும் திட்ட அறிக்கையில் வருமானக் கணிப்பு இவ்வாறு தையல் எண்ணிக்கையிலிருந்து புறப்படுமாயின், அதனை ஆராயும் அதிகாரிக்கும் ஐயம் எழாது.

டிஎஸ்டி சொல்லாமல் விடுபவை

சிக்கனமான கோப்பு என்பதால் அது பலவற்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அவற்றுள் மூன்று முக்கியமானவை.

முதலாவது, நிறம். டிஎஸ்டி கோப்பில் ‘இங்கே நிறுத்து, நூலை மாற்று’ என்ற கட்டளை உண்டு. எந்த நிறத்துக்கு மாற்ற வேண்டும் என்ற செய்தி இல்லை. கணினித் திரையில் தோன்றும் நிறங்கள் மென்பொருள் தானே இட்டுக்கொள்பவை. எனவே கோப்புடன் நிற வரிசைத் தாள் ஒன்றும் கட்டாயம் செல்ல வேண்டும். அத்தாள் இல்லாமற் போனால், பள்ளிச் சின்னத்தின் நீலமும் சிவப்பும் இடம் மாறி நூற்றுக்கணக்கான சட்டைகள் வீணாகக்கூடும்.

இரண்டாவது, நூல் வெட்டு. டிஎஸ்டி கோப்பில் ‘நூலை வெட்டு’ என்ற தனிக் கட்டளை இல்லை. தொடர்ந்து சில தாவல்கள் வந்தால் வெட்ட வேண்டும் என இயந்திரம் ஊகித்துக்கொள்கிறது. எத்தனை தாவல்கள் என்பது இயந்திரத்தின் அமைப்பில் குறிக்கப்படும் எண். ஓர் இயந்திரத்தில் செம்மையாக ஓடிய கோப்பு, மற்றோர் இயந்திரத்தில் எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே நூலைத் தொங்கவிட்டுச் செல்வதன் காரணம் பலவேளைகளில் இதுவே. பழுது கோப்பிலும் இல்லை, இயந்திரத்திலும் இல்லை. இரண்டுக்கும் இடையிலான உடன்பாட்டில் இருக்கிறது.

மூன்றாவதும் மிக முக்கியமானதும், வடிவத்தின் கருத்து. ‘இது ஓர் இலை, இதன் உட்பகுதியை 0.4 மில்லிமீட்டர் இடைவெளியில் நிரப்பு’ என்ற அறிவு டிஎஸ்டி கோப்பில் இல்லை. குத்தப்படும் புள்ளிகள் மட்டுமே உள்ளன. ஆகவே அதனை அப்படியே இரு மடங்கு பெரிதாக்கினால் 0.4 இடைவெளி 0.8 ஆகிவிடும், துணி வெளியே தெரியும். பாதியாகச் சுருக்கினால் இடைவெளி 0.2 ஆகி, நூல் நெருங்கி, துணி சுருங்கி, ஊசி முறியும். நீளமும் அகலமும் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும்; எனவே முறையாக நிரப்ப ஏறத்தாழ நான்கு மடங்கு தையல் வேண்டும். அதனைக் கணக்கிட்டுச் சேர்க்கும் அறிவு தையல் கோப்பில் இல்லை. சில மென்பொருள்கள் புள்ளிகளைக் கொண்டு வடிவத்தை ஊகித்து மீட்க முயல்கின்றன. ஊகம் எப்போதும் மூலத்துக்கு நிகராவதில்லை.

வீட்டு இயந்திரங்களின் மொழிகள்

வீட்டிலிருந்தே தொழில் செய்யும் மகளிர் பலர் ஒற்றை ஊசி இயந்திரத்தில் தொடங்குகின்றனர். அங்கு மொழி வேறு. பிரதர் நிறுவனத்தின் இயந்திரங்கள் ‘பிஇஎஸ்’ கோப்பைப் படிக்கும். ஜனோம் இயந்திரங்கள், நம் நாட்டில் உஷா ஜனோம் என்ற பெயரில் விற்பனையாகுபவை உட்பட, ‘ஜெஃப்’ கோப்பைப் படிக்கும். ஹஸ்க்வர்ணா வைக்கிங், ஃபாஃப் இயந்திரங்களுக்கு ‘விபி3’. மெல்கோ வழிவந்த ‘இஎக்ஸ்பி’ கோப்பு ஒரு தையலுக்கு இரண்டு பைட் மட்டுமே எடுத்துக்கொள்ளும். அதற்குத் தலைப்புப் பகுதியே கிடையாது.

வீட்டு இயந்திரக் கோப்புகளில் நிறம் பற்றிய செய்தி உண்டு. பிஇஎஸ் கோப்பில் நூல் நிறங்களின் பட்டியலும், இயந்திரத்தின் திரையில் காட்டுவதற்கான சிறு படமும் சேர்ந்திருக்கும். ஜெஃப் கோப்பில் எந்த அளவு வளையத்தில் துணியைப் பொருத்த வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். அவ்வளவு வசதிக்கும் ஒரு வரம்பு உண்டு. இயந்திரத்தின் வளையம் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. எனில், அதனினும் பெரிய வடிவத்தை அந்த இயந்திரம் தைக்காது. இரவிக்கையின் முதுகுப்புறம் முழுவதும் பரவும் வேலைப்பாட்டை விரும்புவோர், இயந்திரம் வாங்கும் முன் வளையத்தின் அளவைப் பார்ப்பது அவசியம்.

ஒரு வடிவத்தை மற்றொன்றாக மாற்றுவது எளிது. இழந்ததை மீட்பது அரிது. பிஇஎஸ் கோப்பை டிஎஸ்டி ஆக்கி, அதையே மீண்டும் பிஇஎஸ் ஆக்கினால் நிறப் பட்டியல் திரும்ப வராது. நகலிலிருந்து நகல் எடுக்க எடுக்க எழுத்து மங்குவது போன்றதே இதுவும். தேவைப்படும் போதெல்லாம் மூலத்திலிருந்தே மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூலக்கோப்பு என்னும் முதல்

அவ்வாறாயின் மூலம் எது? பஞ்சிங் செய்பவர் தம் கணினியில் உருவாக்கும் கோப்பே மூலக்கோப்பு. சிட்னியைச் சேர்ந்த வில்காம் நிறுவனத்தின் மென்பொருள் உருவாக்கும் ‘இஎம்பி’ கோப்பு இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. இதில் எல்லைக்கோடு, நிரப்பும் முறை, தையலின் கோணம், இடைவெளி, அடித்தையல், துணி இழுபடுவதை ஈடுசெய்யும் அளவு, நிறம் ஆகிய யாவும் தனித்தனியே பதிவாகியிருக்கும். அளவை மாற்றினால் மென்பொருள் தையல்களைப் புதிதாகக் கணக்கிட்டுக் கொள்ளும். பருத்தித் துணிக்குச் செய்த வடிவத்தைப் பின்னலாடைக்கு ஏற்பத் திருத்துவதும் இதில் எளிது.

டிஎஸ்டி என்பது இந்த மூலத்திலிருந்து ஒருமுறை அச்சிட்டெடுத்த ரசீது. ரசீதைக் கொண்டு பேரேட்டை மீண்டும் எழுத இயலாது. இயந்திரம் கேட்பது ரசீதை. தொழிலுக்குத் தேவையானது பேரேடு. ஆனால் நடைமுறையில் பஞ்சிங் கட்டணம் செலுத்தும் பலர் டிஎஸ்டி கோப்பை மட்டும் பெற்றுக்கொண்டு நிறைவடைகின்றனர். அடுத்த ஆண்டு அதே பள்ளி, சின்னத்தைச் சற்றுச் சிறிதாக்கித் தொப்பியில் பொறிக்கச் சொன்னால், மீண்டும் அவரிடமே செல்ல வேண்டும். அவர் ஊர் மாறியிருந்தால் முழுக் கட்டணமும் மீண்டும் செலவாகும்.

விலை உயர்ந்த மென்பொருளை வாங்க இயலாதவருக்கும் வழி உண்டு. ‘இங்க்ஸ்கேப்’ என்னும் கட்டற்ற வரைகலை மென்பொருளுடன் இணைந்து செயல்படும் ‘இங்க்/ஸ்டிச்’ விலையின்றிக் கிடைக்கிறது. வரைபடத்தையே மூலக்கோப்பாக வைத்துக்கொண்டு டிஎஸ்டி, பிஇஎஸ், ஜெஃப் முதலிய பல வடிவங்களில் அது எழுதித் தரும். வில்காமின் ‘ட்ரூசைஸர்’ விலையின்றிக் கோப்புகளைத் திறந்து பார்க்க உதவுகிறது.

வடிவம் யாருக்கு உரியது?

கோப்பு கையில் இருப்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, ஊழியர் தம் பணியின் பகுதியாக உருவாக்கும் படைப்புக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் நிறுவனமே. வெளியில் கூலிக்குப் பஞ்சிங் செய்து தருபவரின் நிலை வேறு. உரிமையைக் கைமாற்றுவது எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தாலே செல்லும் என 19-ஆம் பிரிவு கூறுகிறது. அந்த எழுத்திலும் காலம் குறிக்கப்படாவிடில் அது ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிக்கப்படாவிடில் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். ஏற்றுமதி செய்வோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மற்றொரு பிரிவு இத்தொழிலுக்கு மிக நெருக்கமானது. வடிவமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவம் பதிவு செய்யப்படாமல் இருந்து, அதனைத் தாங்கிய பொருள் தொழில்முறையில் 50 முறைக்கு மேல் உருவாக்கப்பட்டால், அவ்வடிவத்தின் மீதான பதிப்புரிமை முடிவுறும் என 15-ஆம் பிரிவு கூறுகிறது. 12 தலை இயந்திரம் ஐந்தாவது சுற்றிலேயே 50-ஐத் தாண்டிவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தில்லி உயர் நீதிமன்றத்தில் இரு வழக்குகள் இதனை விளக்கும். ஆடை வடிவமைப்பாளர் தருண் தஹிலியானியின் நிறுவனம் தொடர்ந்த வழக்கில், அந்நிறுவனம் ஒவ்வொரு வடிவத்திலும் 20-க்கு மேல் உருவாக்குவதில்லை என்பது எடுத்துரைக்கப்பட்டது. பதிவு இல்லாததால் பாதுகாப்பும் இல்லை என்ற எதிர்வாதத்தை ஏற்காமல், 2008 நவம்பரில் நீதிமன்ற அமர்வு இடைக்காலத் தடையை உறுதி செய்தது. மாறாக, இருக்கைத் துணி வடிவங்கள் குறித்த மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில், 50-க்கு மேல் உருவாக்கப்பட்ட, பதிவு செய்யப்படாத வடிவங்களுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என 2009-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே பெருமளவில் தைக்கப்போகும் புது வடிவத்தை, சந்தையில் வெளியிடும் முன்னரே வடிவமைப்புகள் சட்டம், 2000-இன் கீழ்ப் பதிவு செய்வது நலம். பாதுகாப்பு 10 ஆண்டுகள். மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். வகைப்பாட்டில் ஐந்தாம் வகுப்பில் பூத்தையலுக்கெனத் தனி உட்பிரிவே உண்டு. பிறருடைய சின்னங்களையும் வடிவங்களையும் அனுமதியின்றிக் கோப்பாக்கி விற்பது, அதே சட்டங்களை நம் மீதே திருப்பும் என்பதையும் மறத்தலாகாது.

இயந்திரம் வாங்கும் முன்

1. விலைப்புள்ளியில், இயந்திரம் படிக்கும் கோப்பு வடிவங்களையும் சட்டத்தின் அல்லது வளையத்தின் அளவையும் எழுத்தில் கேட்டுப் பெறுக. பழைய இயந்திரம் எனில், அது ஃபிளாப்பித் தட்டை மட்டும் ஏற்பதா, யுஎஸ்பி வசதி உண்டா எனப் பார்க்க.

2. உங்கள் கோப்பு ஒன்றைக் கொண்டுசென்று, நீங்கள் பயன்படுத்தும் துணியிலேயே தைத்துப் பார்த்த பின் முன்பணம் தருக.

3. மென்பொருள், பஞ்சிங் ஆகியவற்றின் செலவையும் திட்ட அறிக்கையில் சேர்க்க. முத்ரா திட்டத்தில் ‘தருண்’ பிரிவுக் கடனை முன்னர்ப் பெற்று முறையாகத் திருப்பிச் செலுத்தியோருக்கு, 2024 முதல் வரம்பு ரூ. 20 லட்சமாக உயர்ந்துள்ளது.

4. பஞ்சிங் செய்பவரிடம் மூலக்கோப்பு, இயந்திரக் கோப்பு, நிற வரிசைத் தாள் மூன்றையும் பெறுவதாக முன்னரே பேசி முடிக்க. உரிமை மாற்றத்தைக் காலம், இடம் குறித்து எழுதி வாங்குக.

5. ஒவ்வொரு வடிவத்துக்கும் எண் இட்டு, வாடிக்கையாளர் பெயர், தையல் எண்ணிக்கை, துணி வகை, நூல் எண், கட்டணம் ஆகியவற்றுடன் பதிவேடு பேணுக. விலைக்கு வாங்கிய வடிவங்களைக் கணக்கேட்டில் எவ்வாறு காட்டுவது என்பதற்குக் கணக்கியல் தரநிலை 26 வழிகாட்டும். தணிக்கையாளரைக் கலந்து செய்க.

6. கோப்புகளின் நகலை மூன்று இடங்களில் வைக்க. அவற்றுள் ஒன்று தொழிற்கூடத்துக்கு வெளியே இருக்கட்டும்.

கடன் ஆவணங்களில் இயந்திரம் ஈடாக எழுதப்படுகிறது. அதன் வரிசை எண் வரை குறிக்கப்படுகிறது. கோப்புகளைக் குறிக்க அங்கு இடமில்லை. எனவே அவற்றைக் காக்கும் பொறுப்பு முழுவதும் தொழில்முனைவோரையே சார்ந்தது. கடன் தவணைகள் முடியும் நாளில் இயந்திரம் பழையதாகியிருக்கும். அதனை விற்றுப் புதியது வாங்க நேரலாம். அன்று புதிய இயந்திரத்தில் முதல் நாளே வேலையைத் தொடங்க உதவுவது, ஒழுங்காகப் பேணப்பட்ட மூலக்கோப்புகளின் தொகுப்பே.